ரெண்டு புள்ளி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்குறவங்க என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. நான் வெல்டர். இருபத்தாறு வருஷமா இரும்பை ஒட்டிக்கிட்டு இருக்கேன். எது ஒட்டியிருக்கு, எது ஒட்டின மாதிரி நடிக்குதுன்னு தெரியும். வாயும் கொஞ்சம் நீளம். நான் குத்தம் சொல்ல ஆரம்பிச்சா விக்கிறவங்க, ஆளை அனுப்பினா போதும்னு விலையை இறக்கிடுவாங்க.

இந்தத் தடவை கூப்பிட்டது தங்கச்சி புருஷன். மாப்பிள்ளைக்கு நாப்பத்தெட்டு வயசு, அச்சகத்துல மேனேஜர், ரெண்டு வேளை ரத்தக்கொதிப்பு மாத்திரை. "மச்சான், அறுபத்தேழு மாடல். வெட்டி மாத்திக் கட்டியிருக்காங்க. பாத்ததும் உசுரே போயிடுச்சு"ன்னார் போன்ல.

"போன உசுரு அங்கேயே இருக்கட்டும். நான் பாக்காம வாக்குக் குடுத்துடாதீங்க. நாம போறதுக்கு முன்னாடி எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேணாம்னும் சொல்லிடுங்க"ன்னேன். சூடா இருக்கிற வரைக்கும் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான்.

விக்கிறவர் ஒரு பல் டாக்டர். கிளினிக்குக்குப் பின்னாடி தகரக் கொட்டகை, அதுல வண்டி. டாக்டர் போர்வையை இழுத்ததும் மாப்பிள்ளை கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி சட்டையை இழுத்து விட்டுக்கிட்டார். கறுப்பு வண்டி. பின்பக்கத்தை வெட்டிக் குட்டை சீட்டு வச்சிருந்தாங்க. முன்பக்கம், சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் வேற வண்டியோடது, நீளமானது. பழைய உடம்பு, புது நடை. நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

"இவ்வளவு சோதிக்கணுமா?"ன்னு டாக்டர் சிரிச்சார், நான் பையிலருந்து காந்தம், நூல், ஸ்பேனரெல்லாம் எடுக்கிறதைப் பாத்து.

"தானமாக் குடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது டாக்டர். விலைக்கு வாங்குற மாட்டுக்குப் பல்லையும் பாக்கணும், குளம்பையும் பாக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

எஞ்சின் மேல கை வச்சேன். ஜில்லுனு இருந்தது. மனுஷன் நேர்மையானவர். மூணாவது உதையில ஸ்டார்ட் ஆச்சு, புகை இல்ல. டாங்க்குல காந்தத்தை ஓட்டினேன். இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டல. அடியில நசுங்கினதைப் பட்டி பூசி மறைச்சிருக்காங்க. போகட்டும். ரெண்டு சக்கரத்துக்கும் சேத்து நூல் பிடிச்சேன். பின் சக்கரம் ஒரு நெல்லுப் பருமனுக்கு விலகி இருந்தது. அதுவும் போகட்டும்.

மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளல. டாக்டர்கிட்ட என் பெருமையை அவுத்து விட்டார். "மச்சான் கை வச்சா வச்சதுதான் சார். எங்க வீட்டுக்கு வெளியில இரும்பு மாடிப்படி போட்டுக் குடுத்தார். பத்தொம்பது வருஷம் ஆச்சு, ஒரு ஆட்டம் இல்ல. இவர் சரின்னா நான் கண்ணை மூடிட்டு வாங்குவேன். ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரியைப் பின்னாடி உக்கார வச்சு ஆத்துப் பாலம் வரைக்கும் போகணும்."

"அந்தக் குட்டை சீட்டுல அவ உக்காந்தா நீங்க டாங்க் மேலதான் உக்காரணும்"னேன். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் ஸ்பேனரால சட்டத்தைத் தட்ட ஆரம்பிச்சேன்.

இதுதான் என் முறை. முழு இரும்பு 'ணங்'குனு பேசும். உள்ள விரிசல் இருந்தா 'டொக்'குனு முனகும். பின்னாலருந்து தட்டிக்கிட்டே முன்னாடி வந்தேன். ணங், ணங், ணங். ஹேண்டில் திரும்புற இடத்துக்குக் கழுத்துன்னு பேரு. முன் சக்கரத்தையும் மீதி வண்டியையும் சேத்துப் பிடிச்சிருக்கிறதே அதுதான். கழுத்துக்குக் கீழ தட்டினேன்.

டொக்.

திரும்பத் தட்டினேன். அதே முனகல். பெயிண்ட் மேல தலைமுடி மாதிரி ஒரு கோடு, அதுலருந்து துருத் தண்ணி வடிஞ்ச தடம். நீள போர்க் வைக்கிறதுக்காகக் கழுத்தடிக் குழாயை வெட்டி, நடுவுல ஒரு துண்டு வச்சு ஒட்டியிருக்காங்க. அப்படி ஒட்டும்போது உள்ளுக்கு இன்னொரு குழாயை இறுக்கமாச் சொருகி ஒட்டணும். சொருகியிருந்தா இப்படிக் கோடு விழாது.

என் வாய் சும்மா இருக்குமா? "எந்தப் புண்ணியவான் பாத்த வேலை இது? இவன் கையில வெல்டிங் மிஷினை எவன் குடுத்தான்? உள்குழாய் போடாம மேலாக்க ஒட்டி, கிரைண்டர் போட்டு வழவழன்னு ஆக்கி, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கான். இவனையெல்லாம் முதல் ஆளா இதே வண்டியில ஏத்தி மேட்டுலருந்து இறக்கி விடணும்!"

"அந்தக் காலத்துல பேர் போன ஆள் பண்ணினதுன்னு சொல்லித்தான் எனக்கு வித்தாங்க"ன்னார் டாக்டர். முகம் சுருங்கிப் போச்சு.

"பேர்! அடிப்பக்கம் எவ்வளவு தூரம் விரிசல் விட்டிருக்குன்னு பாக்கணும். கண்ணு எட்டல. நீங்க வாய்க்குள்ள விட்டுப் பாக்குற கண்ணாடி இருக்கா?"

கொண்டு வந்து குடுத்தார், நெத்தி விளக்கோட. டாங்க்குக்கு அடியில கண்ணாடியை விட்டுத் திருப்பினேன். கோடு அடிப்பக்கமும் ஓடியிருந்தது, முக்கால்வாசிச் சுத்து. அது முடியிற இடத்துக்குப் பக்கத்துல, பெயிண்டுக்கு அடியில, ரெண்டு குழி. கடுகளவு. பக்கத்துல பக்கத்துல.

நகத்தால பெயிண்டைச் சுரண்டினேன். சந்தேகமே இல்ல.

அந்தக் காலத்துல என் வேலையைக் காட்டி மத்தவங்க பேர் வாங்கிட்டுப் போறாங்கன்னு எனக்கு ஒரே ஆத்திரம். அதனால ஒவ்வொரு ஒட்டு முடிஞ்சதும் பக்கத்துல கூர் உளியால ரெண்டு புள்ளி குத்துவேன். ஊருக்குள்ள அப்படிக் குத்தினவன் நான் ஒருத்தன்தான். மல்லாக்கப் படுத்துக்கிட்டுத் துப்பினா எங்க விழும்?

எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. வண்டி அப்ப சிவப்பு. தங்கச்சி கல்யாணம் வச்சிருந்த வருஷம். கிடைச்ச வேலையெல்லாம் வாரிப் போட்டுக்கிட்டேன். வண்டிக்காரர் சாயங்காலமே வேணும்னு நின்னார். பொருந்துற குழாய் கையில இல்ல. வாங்கிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். மேல நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன். விட்டுட்டு ரெண்டு புள்ளி வேற குத்தியிருக்கேன், வெக்கம் கெட்டவன்.

மெதுவா எழுந்தேன்.

"என்ன மச்சான், தேறுமா?"ன்னார் மாப்பிள்ளை.

வேணாம் மாப்ள, வாங்க போகலாம்னு சொன்னா முடிஞ்சது. என் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேச மாட்டார். எவனோ ஒரு புண்ணியவான் பண்ணினதுன்னே இருந்துட்டுப் போகும்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பாத்தார். "இல்லன்னா பரவாயில்ல. நாலு மணிக்கு இன்னொருத்தர் வர்றார். புதுசாக் கல்யாணம் ஆனவர், ரெண்டு பேருமா வந்து ஓட்டிட்டே போயிடுறோம்னு சொல்லியிருக்காங்க."

அப்புறம் என்ன, சொல்லித்தான் ஆகணும்.

"டாக்டர், அவங்களை வர வேணாம்னு சொல்லிடுங்க. இந்தக் கழுத்து கால்வாசியிலதான் நிக்குது. ஒரு பள்ளத்துல இறங்கினா முன் சக்கரம் தனியாப் போயிடும். நீங்களும் தொடாதீங்க."

"நாலு வருஷமா என் பொண்ணை இதுலதான் ஸ்கூல்ல விடுறேன்"னார். "அந்த ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான்."

டாக்டர் என் கையிலருந்து கண்ணாடியை வாங்கினார். குனிஞ்சு அவரே பாத்தார், ரொம்ப நேரம்.

"பட்டறைக்குக் கொண்டு போய் முழுசா வெட்டி, உள்குழாய் போட்டு, புதுசாப் பண்ணித் தர்றேன்."

"உங்ககிட்டயா?"ன்னார். கோபமாக் கூடக் கேக்கல. நாலு மணி ஆளுக்குப் போன் போட்டுக்கிட்டே உள்ள போயிட்டார்.

மாப்பிள்ளையோட ஸ்கூட்டர்ல திரும்பி வந்தோம். அவர் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டாவது சிக்னல்ல நிக்கும்போது, திரும்பாமலே கேட்டார்.

"நம்ம வீட்டு மாடிப்படி எந்த வருஷம் மச்சான்?"

"அதே வருஷம்."

"அதே மாதிரியா?"

அதை ஞாபகப்படுத்தத்தான் நானும் பாத்துக்கிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி மாட்டினது. பதினாலு படி, இருபத்தெட்டு ஒட்டு. எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு புள்ளி குத்தினது மட்டும்தான் நல்லா ஞாபகம் இருந்தது.

"தெரியல மாப்ள."

பச்சை விழறதுக்கு முன்னாடியே வண்டியை எடுத்துட்டார்.

தங்கச்சி மொட்டை மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தா. ரெண்டு கையிலயும் வாளி. எங்களைப் பாத்ததும் படிக்கு வந்துட்டா. "வண்டி எங்க? வாங்கலையா?"

"அங்கேயே நில்லு. இறங்காத."

"என்ன அண்ணா?"

"படியில கால் வைக்காதன்னு சொல்றேன்."

"அய்ய, நீ போட்ட படிதானே!"ன்னு சிரிச்சா.

"நான் போட்டதுனாலதான் சொல்றேன், நில்லுடி!"

நான் போட்ட சத்தத்துல வாளியைக் கீழ வச்சுட்டா. பையிலருந்து ஸ்பேனரை எடுத்து முதல் படியைத் தட்டினேன். ணங். ரெண்டாவது, ணங். மூணாவது ணங்குன்னதும் எனக்கு மூச்சு வந்தது. நாலாவது படி முனகிச்சு.

திரும்பிப் பாத்தேன். மாப்பிள்ளை பக்கத்துல இல்ல. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஏணி கேட்டுக்கிட்டிருந்தார்.