பாசி படிந்த தொட்டி

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கத்திகளையும் கத்தரிகளையும் நீராவியில் அவித்துக் கிருமி நீக்குவது என் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். என் கை பட்ட இடத்தில் ஒரு கிருமி உயிரோடிருந்தால் பெயரை மாற்றிக்கொள்கிறேன். அந்தத் திமிரில்தான் என் இறால்களைக் கொன்றேன்.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் முப்பது இருந்தன. ஒவ்வொன்றும் விரல்நகம் நீளம், மிளகாய்ச் சிவப்பு. வடிகட்டிப் பஞ்சு பழுப்பேறி வழவழவென்று கிடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பிழிந்து, புதுசு போல மாட்டினேன். கண்ணாடிப் பாசியையும் ஒரு பொட்டு விடாமல் சுரண்டினேன். நாலாம் நாள் பத்தொன்பது இறால்கள் பால் நிறமாகிச் செத்துக் கிடந்தன.

தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மீன் கடைக்காரரிடம் ஓடினேன். அவர் அதில் ஏதோ சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் கரும்பச்சையானது.

"பஞ்சுல இருந்த நல்ல கிருமிதாம்மா தண்ணில சேர்ற விஷத்தைத் தின்னுக்கிட்டிருந்துச்சு. அதைப் போய் வேகவெச்சுட்டீங்களே!" என்றவர், தன் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சை எடுத்துக் கொடுத்தார். "இதைக் கழுவாம மாட்டுங்க. தினம் தொட்டித் தண்ணில ரெண்டு டம்ளர் எடுத்துட்டு, குளோரின் போக ரெண்டு நாள் பிடிச்சு வெச்ச தண்ணியைச் சொட்டுச் சொட்டா விடுங்க. மத்தபடி ஒரு மாசம் எதையும் தேய்க்காதீங்க."

மிஞ்சிய பதினொன்றில் ஒருத்தியின் வயிற்றடியில் முட்டைகள் இருந்தன. அவை பொரிந்தே ஆகவேண்டும் என்று முடிவு கட்டினேன். செத்த பத்தொன்பதுக்கு வேறு எப்படிப் பதில் சொல்வது?

லாரி மெக்கானிக்கான என் கணவருக்கு ஒரே கொண்டாட்டம். "என் நகத்துல கிரீஸ் இருந்தா தட்டைத் தொட விடமாட்டே. இப்ப ஊரான் அழுக்கை வாங்கிட்டு வந்து அழகு பாக்குறே!"

"வாயை மூடிட்டு அந்தச் சொட்டுக் குழாயைப் பிடிங்க."

கண்ணாடியில் மறுபடி பாசி படர்ந்தது. வேலை விட்டு வந்ததும் கை நமநமக்கும். அடுப்பைத் தேய்த்தேன், ஜன்னலைத் தேய்த்தேன், அவர் செருப்பைக்கூடத் தேய்த்தேன். தொட்டியை மட்டும் தொடவில்லை. இரண்டாம் வாரம் இன்னொன்று செத்தபோது உட்கார்ந்து அழுதேன். முட்டைக்காரி மட்டும் தன் சின்னக் கால்களால் முட்டைகளை விசிறிக்கொண்டே இருந்தாள்.

இருபத்து நாலாம் நாள் நாத்தனார் வந்தாள். என் வீட்டில் ஒரு தூசியாவது கண்டுபிடிக்கவேண்டும் என்பது அவளுடைய பல வருஷ ஆசை. தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ அண்ணி, இது உங்க வீடுதானா? விடுங்க, நான் கழுவித் தரேன்."

சமையலறைக்குப் போய், சோப்பு நுரை சொட்டச் சொட்டப் பாத்திரம் தேய்க்கிற பஞ்சோடு வந்து, தொட்டிக்கு மேலே கையை நீட்டினாள்.

"கையை எடு!" பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நுரை தரையில் விழுந்தது. "ஒரு சொட்டு உள்ள விழுந்தா அத்தனையும் செத்துரும்!"

"இவ்வளவு அழுக்கா இருக்கே, அண்ணி…"

"இருக்கட்டும். என் வீடு நாறுதுன்னு எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு. இதுல மட்டும் கை வைக்காதே."

அவள் மிரண்டுபோய்ப் பின்வாங்கினாள். உள்ளே நுரை எதுவும் விழுந்துவிட்டதா என்று கண்ணாடியருகே குனிந்தேன். பாசியில் ஏதோ அசைந்தது. நூல் துணுக்கு அளவுதான் இருக்கும். கண்கள் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே ஐந்தாறு. பதினேழு வரைக்கும் எண்ணினேன், அதற்குமேல் கண்ணீர் மறைத்தது.

"என்ன அண்ணி, அழுறீங்க?"

அவள் தோளைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தேன்.

"நல்லா பாரு. நீ கழுவ வந்தியே, அதைத்தான் சாப்பிடுதுங்க."