முகவரியில் இல்லாதவர்

“பெட்டியோடயே ஏத்திடலாம். அந்தப் பக்கம் ரெண்டு பேரு புடிங்க” என்று ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் கைவைத்தான் மதியழகன்.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை ஜெயஸ்ரீ நிமிர்ந்தாள். “அப்பா உயிர் போனது இந்த வூட்லதானே அண்ணா. இங்கேர்ந்தே எடுத்தா என்ன?”

“புள்ளன்னு நான் ஒருத்தன் கீறேன். பொண்ணு வூட்லேர்ந்து எடுத்தா குரோம்பேட்டைல என்னைக் காறித் துப்புவாங்க. கொள்ளி வைக்கிறவன் வாசல்லேர்ந்துதான் அவரு கெளம்பணும்.”

ஊரப்பாக்கத்து வீட்டின் முன்னால் அமரர் ஊர்தி பின்கதவைத் திறந்தபடி நின்றது. விடியற்காலையில் இறந்த ரங்கனுக்கு வயது எழுபத்தாறு. தாம்பரம் ரயில் பணிமனையில் ஃபிட்டராக உழைத்து ஓய்வுபெற்றவர். மனைவி மறைந்த பின்னர், மாதத்தில் பாதி மகள் வீட்டிலும் மீதி மகன் வீட்டிலுமாக, ஒரு ரெக்சின் பையோடு மின்சார ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார். பதினைந்தாம் நாள், யாரும் நினைவூட்டாமலே பையைக் கட்டிவிடுவார். இன்னும் நான்கு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல இரண்டு வீட்டிலும் ஒரு நாவும் எழுந்ததில்லை. இன்று சடலத்துக்கு இரண்டு வாசல்கள் போட்டியிட்டன.

ஜெயஸ்ரீ கால்மாட்டிலிருந்து சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

போன கார்த்திகையில், வாக்காளர் பட்டியலைத் திருத்துவதற்காக வீடுவீடாகப் படிவம் கொடுத்தார்கள். அந்தப் பொறுப்பிலிருந்த அங்கன்வாடி ஆசிரியை சந்திரிகா வாசலில் வந்து நின்றபோது, ஜெயஸ்ரீயின் கம்பெனி பஸ்ஸுக்கு ஐந்து நிமிடமே இருந்தது. பழைய பட்டியலில் பெயரைத் தேடவேண்டும், புகைப்படம் ஒட்டவேண்டும், கையெழுத்து வாங்கவேண்டும். “அப்பா இங்க இல்லீங்க. அண்ணன் வூட்ல இருக்காரு” என்று சொல்லி, அண்ணனின் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ரங்கன் அப்போது பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் கேட்ட சந்திரிகாவிடம் மதியழகன், “எங்க வூட்ல இல்லம்மா, தங்கச்சி வூட்லதான்” என்றான்.

பெற்ற பிள்ளைகள் இருவரும் சொன்னதையே அரசாங்கம் எழுதிக்கொண்டது. வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது, ரங்கன் நீக்கப்பட்டோர் வரிசையில் இருந்தார். காரணம்: முகவரியில் இல்லை.

எழுபத்தொன்றாம் ஆண்டுமுதல் ஒரு தேர்தலையும் தவறவிடாத மனிதர். பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்குத் தனியாகப் போய், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, புதிய வாக்காளருக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். எழுபத்தாறு வயதில் புதிய வாக்காளர்! “யாரோ தப்பா எழுதிட்டாங்க போல” என்றார் மகளிடம். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

அம்முறை அவர் பையைக் கட்டவில்லை. “சரிபாக்க அந்தம்மா வருவாங்க. நான் இங்க இருக்கணும்” என்றார். வேலையிலிருந்து அவள் திரும்பும் நேரமெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு நாள்.

“ரங்கன் சார் இருக்காருங்களா?”

வாசலில் நிற்கும் ஊர்தி யாருக்கென்று தெரியாமல், படிவக் கோப்பை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்த சந்திரிகா, பெட்டியைக் கண்டு நின்றுவிட்டாள். “ஐயோ, சாரா? முந்தாநாள்கூட போன் பண்ணி, எப்பம்மா வருவீங்கன்னு கேட்டாரே!”

மதியழகனுக்குக் கோபம் மூண்டது. “வாங்க மேடம். ஆளு போனப்புறம் வந்துட்டீங்க. அவரு மனசு வுட்டதே உங்களாலதான். முகவரில இல்லன்னு எவன் சொன்னான் உங்களுக்கு?”

சந்திரிகா ஜெயஸ்ரீயைப் பார்த்தாள். பிறகு கோப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“யாரு சொன்னாங்கன்னு சாருக்குத் தெரியுங்க. முகாம்ல நானே கேட்டேன், பொண்ணு, பையன் ரெண்டு பேருமே வூட்ல இல்லன்னாங்களே சார்னு. ‘பின்னாடிதாம்மா துணி தொவைச்சிகினு இருந்தேன், காதுல வுழுந்துச்சி. பொண்ணுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி. பையனும் பாவம், வேலைல இருந்திருப்பான். பசங்க சொன்னாங்கன்னு எங்கயும் எழுதிடாதீங்க’ன்னாரு.”

மதியழகன் பெட்டியிலிருந்து கையை எடுத்தான்.

“சார், ஏத்தலாமா?” வாசலிலிருந்து ஓட்டுநர் குரல் கொடுத்தார். “செம்பாக்கத்துல இன்னொரு கேஸு காத்துகினு கீது.”

“நீ போப்பா” என்றான் மதியழகன். “இங்கேர்ந்துதான் எடுக்கிறோம்.”

ஜெயஸ்ரீ எழுந்து சந்திரிகாவின் அருகில் வந்தாள். “பேரைச் சேத்துடுங்க மேடம். ஒரே ஒரு நாளைக்காவது.”

“முடியாதும்மா. இறந்துட்டாருன்னுதான் எழுதணும்.”

“சரி. அதுக்கு முன்னாடி, அவரு இங்கதான் இருந்தாருன்னு எழுத எடமிருக்கா?”

சந்திரிகா தாளைத் திருப்பினாள். “ஒரு கட்டம் இருக்கு. ஆனா, ஆளைப் பார்த்துட்டுத்தான் நான் அதுல டிக் போடணும்.”

பேனாவைத் திறந்துகொண்டு தலைமாட்டுக்கு வந்தாள். தாளின் மூலையில் ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். கண்ணாடியில் ஈரம் படர்ந்து முகம் மங்கலாகத் தெரிந்தது.

ஜெயஸ்ரீ முந்தானையைச் சுருட்டி அந்தக் கண்ணாடியை அழுந்தத் துடைத்தாள்.