வேலைப் பகுப்பும் மூன்று கிலோ மீனும்

1.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு சந்திரமோகன் போன் செய்தார். அஞ்சல்வழிப் பாடநூல்களின் பதிப்பாசிரியர். செவ்வியல் மேலாண்மைக் கோட்பாட்டின் வரலாறு பற்றி நான் எழுதிக்கொடுத்த பாடத்தில் ஒரு குறை என்றார்.

“எல்லாம் அமெரிக்கா, பிரான்சுன்னு இருக்குங்க. நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு வேணும். பத்து வரி. கட்டம் கட்டிப் போட்டுடலாம்.”

இந்தக் கதை அப்படித்தான் வந்தது. பத்து வரியில் அடங்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பென்சில்வேனியா எஃகு ஆலையில், டெய்லர் என்ற பொறியாளர் கையில் கடிகாரத்தோடு

(விட்டுவிட்டேன். எந்த வேலைக்கும் மிகச் சிறந்த வழி ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று நம்பியவர் அவர். பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பவரை யாருக்குப் பிடிக்கும்?)

இரண்டாம் தொடக்கம்: ஒகேனக்கல்லில் குளிக்க வருகிறவர்கள் மீன் வாங்கி, சமையல் கொட்டகையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, பசியோடு திரும்பும்போது அவர்கள் மீன் வறுபட்டிருக்கும்.

இது இருக்கட்டும்.

3.

கொட்டகை கண்ணம்மாளுடையது. கூட வேலை செய்பவர்கள் மாது, லூர்துமேரி. ஒரு குடும்பத்தின் மீனை யார் வாங்குகிறாரோ, செதில் உரிப்பது முதல் இலையில் வைப்பது வரை அவரே.

மருமகள் எழிலரசி எம்.பி.ஏ. (முதல் வரைவில் அவளைக் கர்வியாக எழுதினேன். அடித்துவிட்டேன். ஓசூர் கம்பெனி வேலையை விட்டு வந்து ஏழு மாதமாகப் பாத்திரம் தேய்க்கிறவளிடம் அவ்வளவு கர்வம் மிஞ்சியிருக்காது.) அந்தக் கொட்டகையில் தன் பேச்சுக்கு ஓர் இடம் வேண்டும். அவள் கேட்டது அதுதான்.

“ஒருத்தர் வெட்டட்டும், ஒருத்தர் மசாலா தடவட்டும், ஒருத்தர் வறுக்கட்டும் அத்தை. சீக்கிரம் முடிஞ்சிரும்.”

“யாரு சொன்னது?”

“ஃபயோலுன்னு ஒருத்தரு.”

“எந்த ஊருக்காரரு?”

“பிரான்சுங்க. சுரங்கக் கம்பெனி நடத்துனவரு.”

“மீன் வறுத்திருக்காரா?”

மாது சிரித்தார். எழிலரசி சிரிக்கவில்லை.

“சரி, வர்ற ஞாயித்துக்கெழம ஒரு நாளு உடறேன்,” என்றார் கண்ணம்மாள். “ஒழுங்கா வந்துச்சுன்னா கொட்டாய் இனிமே உன் பேச்சுல ஓடட்டும். வர்லன்னா ஓசூருக்கே வேலைக்குப் போயிரு.”

4.

ஞாயிறு. மாது வெட்டினார். லூர்துமேரி தடவினார். கண்ணம்மாள் வறுத்தார். எழிலரசி போனில் நேரம் பார்த்தாள். மூன்று குடும்பம், குடும்பத்துக்கு ஒரு கிலோ. வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகும். நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

(பாடநூல் இங்கே நிறுத்திக்கொள்ளும்.)

ஈரத் தலையோடு மூன்று குடும்பமும் வந்தபோதுதான் தெரிந்தது. எல்லாரும் வாங்கியது ஜிலேபி மீன். எல்லாம் ஒரே சட்டி. எது யாருடையது என்று வெட்டியவருக்கும் தெரியவில்லை, வறுத்தவருக்கும் தெரியவில்லை.

“என்னுது பெரிய தலைங்க,” என்றார் சேலத்துக்காரர்.

“பாத்தாலே தெரியுதுங்க,” என்றார் லூர்துமேரி.

“நான் உயிரோட பாத்து வாங்குனது. இது அது இல்ல,” என்றார் பெங்களூர் அம்மா.

மூன்றாவது குடும்பம் அதற்குள் சாப்பிட ஆரம்பித்திருந்தது.

கண்ணம்மாள் தங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மீனையும் வறுத்து எல்லா இலையிலும் வைத்தார். சத்தம் அடங்கியது.

5.

முடிவு அ: எழிலரசி ஒவ்வொரு மீன் பைக்கும் எண் போட்ட டோக்கன் கட்டுகிறாள். விதி, வரிசை, பதிவேடு. (விதிப்படி நடக்கும் நிர்வாகமே சிறந்தது என்ற ஜெர்மனியின் வேபர் இதை ஏற்றிருப்பார். எனக்குத்தான் கொட்டகை தாலுகா ஆபீஸ் ஆகிவிட்டது.)

முடிவு ஆ: எழிலரசி பஸ் ஏறுகிறாள். (எழுதினேன். பஸ் பென்னாகரம் தாண்டுவதற்குள் கிழித்துவிட்டேன்.)

முடிவு இ: எழிலரசி சொன்னாள், “தோத்துட்டேன் அத்தை. துணி எடுத்து வச்சிக்கறேன்.”

கண்ணம்மாள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். கால் நீட்டியிருந்தது.

“இரு. இருவது வருசத்துல ஞாயித்துக்கெழம பகல்ல நான் ஒக்காந்ததே இல்ல.”

“மீனு மாறிப்போச்சே.”

“மாறிப்போச்சுதான். அதுக்காக எந்திரிக்கணுமா?”

இதற்குமேல் இருவரும் பேச மறுக்கிறார்கள். இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன்.

6.

ஃபயோலின் பதினான்கு கொள்கைகளில் நான்காவது: ஒரு தொழிலாளி ஒருவரிடமிருந்து மட்டுமே உத்தரவு பெற வேண்டும். மாமியார், மருமகள் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தால் அந்த ஒருவர் யார் என்பதற்குப் பாடத்தில் பத்தி இல்லை. நான்தான் எழுதினேன், எனக்குத் தெரியும்.

எனவே உங்களை அனுப்புகிறேன். அடுத்த ஞாயிறு. கையில் ஒரு கிலோ மீன். கொட்டகை வாசலில் நிற்கிறீர்கள். கண்ணம்மாள் கை நீட்டுகிறார். எழிலரசியும் கை நீட்டுகிறாள். இனி யார் பேச்சைக் கேட்பது என்று மாதுவுக்குத் தெரிந்தாக வேண்டும். கத்தியைத் துடைத்துக்கொண்டு உங்களையே பார்க்கிறார்.

“யாரு கையிலங்க குடுக்கறீங்க?”