பத்மாவதிக்குப் பதில் சொன்னவர்

"டாக்டர் கேட்டதுக்கு நான் ஒண்ணு சொல்லணும்ங்க."

"அதெல்லாம் நான் சொல்லிட்டேன். உனக்கு எதுக்கு வீண் கவலை?"

போன வாரம் டத்தோ கிராமாட் சாலைச் சிக்னலில் கார் நின்றபோது நடந்த பேச்சு. அதோடு கணவர் கந்தப்பு ரேடியோவைத் திருகிவிட்டார். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பத்மாவதிக்கு அந்தப் பேச்சுதான் நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் தயாளன் கேட்டதெல்லாம் அன்றைக்கே அவள் காதில் விழுந்ததுதான். இருதயக் குழாயில் அடைப்பு. சாயம் செலுத்திப் பார்த்து ஸ்டென்ட் வைக்க வேண்டும். எழுபது தாண்டிய உடம்பில் அந்தச் சாயம் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். அந்த ஆபத்து எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போடத்தான் கேள்விகள்.

"வலி மாத்திரை ஏதும் சாப்பிடுறாங்களா, அங்கிள்?"

"சேச்சே, இல்லை லா."

"தண்ணி?"

"நல்லா குடிப்பா."

"அது வந்து, டாக்டர்..." என்று அவள் வாயெடுத்தாள்.

"சும்மா இரு, பத்மா. டாக்டருக்கு ஆயிரம் வேலை."

கம்ப்யூட்டர் ஆபத்து குறைவு என்றது. எப்படிக் குறையும்? முட்டி வலிக்கு ஜெலுத்தோங் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையை அவள் மாதக்கணக்காக விழுங்குகிறாள். அது அடுப்படியில், மல்லித்தூள் டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. அடுப்படிக்கு வராத மனுஷருக்கு எப்படித் தெரியும்? போதாததற்குக் கந்த சஷ்டி வேறு. விரதம் தொடங்கியதிலிருந்து பொழுது சாய்ந்தபின் ஒரு குவளை பால், அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. வருஷா வருஷம் இவர் நன்றாக இருக்க வேண்டும் என்று பிடிக்கிற விரதம்.

பெண் பார்க்க வந்த அன்று, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். அப்பா பதில் சொன்னார். தாலி ஏறிய நாளிலிருந்து இவர் சொல்கிறார். அன்பில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு வேறு தலையணையில் தூக்கம் வராது என்று இன்றைக்கு வீட்டுத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் கூடியது.

டாக்டர் உள்ளே வந்தார். கண் நேரே கந்தப்புவிடம் போனது.

"காலையில எடுத்த ரத்தத்தில கிட்னி அளவு கொஞ்சம் ஏறியிருக்கு, அங்கிள். புதுசா ஏதும் மருந்து? சாப்பாட்டில மாற்றம்?"

"ஒண்ணும் இல்லை, டாக்டர்."

"விரதம் ஏதும்?"

"அது சாமி காரியம். வீட்டில எப்பவும் உள்ளதுதான், தண்ணியெல்லாம் குடிக்கிறா."

"அப்போ போன வாரக் கணக்குப்படியே மத்தியானம் செஞ்சிடலாம்."

"இஞ்சாருங்க," என்றாள் பத்மாவதி.

"பயப்படாத, நான் இருக்கேன்ல?"

"சாயம் யார் உடம்புக்குள்ள போகப்போகுது? உங்க உடம்புக்குள்ளயா?"

கந்தப்புவின் கக்கத்திலிருந்து தலையணை நழுவிக் கட்டிலில் விழுந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"இவர் சொன்னதையெல்லாம் அழிச்சிடுங்க, டாக்டர். முதல்லேர்ந்து கேளுங்க."

பிறகு கணவரிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து கேட்கணும்னு இருந்தேன். என்னைப் பத்திக் கேட்டா, என்னையே பதில் சொல்ல விடுங்க."