ஐந்து வருடம், ஒரு சொட்டில்லை

ஆம்ப்ரோஸ் குடியை விட்டது ஜீவனஹள்ளிக்கே பெருமை. குடித்துக் கெட்டுப்போன அவன் ஈரலுக்குப் பதிலாக மௌரீன் தன் ஈரலில் பாதியை அறுத்துக் கொடுத்தாள் என்பது மட்டும் பேச்சில் அவ்வப்போது விட்டுப்போகும். கட்டிய மனைவிதானே, கொடுக்காமல் என்ன செய்வாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆபரேஷன் நடந்தது 2003-இல். அன்றிலிருந்து தினமும் மாலையில் ஆம்ப்ரோஸ் வேலையிலிருந்து வந்ததும் வாசலிலேயே வாயைத் திறந்து ஊத வேண்டும். மௌரீன் முகர்ந்து பார்ப்பாள். பிராந்தி வாடை இல்லையென்றால்தான் உள்ளே விடுவாள். சிகரெட் வாடை வரும், நன்றாகவே வரும். அதற்கு மட்டும் அவள் மூக்கு மரத்துப் போயிருந்தது. பெரிய சனியனை ஒழித்த மனுஷனிடம் குட்டிச் சனியனையும் ஒழி என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதோடு நிறுத்தினாளா மகராசி? குடிக்காமல் கழிந்த ஒவ்வொரு வாரத்துக்கும் பரிசாக, காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போய்த் தன் கையாலேயே சிகரெட் பாக்கெட் வாங்கி வந்தாள்.

ஈரல் டாக்டர் சௌம்யா ஒவ்வொரு செக்கப்பிலும் கேட்பார். "சிகரெட்?"

"விட்டுட்டாரு டாக்டர்," என்று மௌரீன் முந்திக்கொள்வாள்.

புது ஈரலை உடம்பு ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை, உடம்பின் காவலாளியையும் சேர்த்தே தூங்க வைத்துவிடும். அத்தனை வருடம் குடியும் புகையும் அரித்த வாயில் புற்றுநோய் சுலபமாக நுழையும். இதையெல்லாம் டாக்டர் முதலிலேயே விளக்கியிருந்தார். மௌரீனும் பூசை கேட்பதுபோல் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் பாக்கெட் வாங்கினாள்.

ஐந்தாவது வருடம் தவக்காலத்தில் ஆம்ப்ரோஸின் நாக்கோரத்தில் ஒரு புண் வந்தது. ஈஸ்டர் போயிற்று. புண் போகவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டலாம் வாங்க," என்றாள்.

"பைத்தியமா உனக்கு? நாக்குல புண்ணுன்னா, திரும்பக் குடிச்சிட்டான்னுதான் நெனப்பாங்க. அஞ்சு வருஷம் குடிக்காம இருந்ததுக்கு வர்ற சண்டே ஃபாதர் சால்வை போடறாரு. அது ஆகட்டும்."

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. சால்வை என்ன தினமுமா கிடைக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்கு மண்டபம் நிரம்பியது. சிறப்பு விருந்தினர் டாக்டர் சௌம்யாவேதான். ஆம்ப்ரோஸ் மைக்கைப் பிடித்தான். நாக்கு புரளவில்லை. "சகோதர சகோதரிகளே" என்பது கொழகொழவென்று வந்து விழுந்தது. அடுத்த வாக்கியம் அதைவிட மோசம்.

"மச்சி, போட்டுட்டே வந்துட்டான்டா," என்றான் முன்வரிசையிலிருந்த டேரில். மண்டபம் முழுக்கக் கிசுகிசு பரவியது. சால்வையோடு நீண்ட ஃபாதரின் கை பின்வாங்கியது.

மௌரீனுக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று கத்தினாள். "யாருய்யா குடிச்சான்னது? அஞ்சு வருஷமா ஒரு சொட்டு கிடையாது! தினம் நான் மோந்து பாக்கறேன். ரெண்டு மாசமா நாக்குல புண்ணு, அதான் பேச்சு வரல. இவருக்கு சிகரெட் ஒண்ணுதான்! அதையும் நான்தான் என் கையால வாங்கிக் குடுக்கறேன்!"

"அட, சிகரெட்தானா!"

மண்டபத்துக்கு மூச்சு வந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. டேரில் எழுந்து நின்று தட்டினான். ஃபாதர் சால்வையைப் போர்த்த, ஆம்ப்ரோஸ் கண்ணீரோடு கும்பிட்டான்.

டாக்டர் மட்டும் தட்டவில்லை. அவனை ஜன்னலோரம் கூட்டிப்போய் நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு தாடைக்குக் கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். கட்டியாகத் தட்டுப்பட்ட ஓரிடத்தில் விரல் நின்றது. பின்னாலேயே ஓடி வந்திருந்த மௌரீன் அந்த விரலையே பார்த்தாள்.

"அஞ்சு வருஷமா கேட்டேனேம்மா," என்றார் டாக்டர்.

மௌரீன் வேறெதுவும் கேட்கத் தைரியமில்லாமல், "ஈரல் நல்லாயிருக்கில்ல டாக்டர்?" என்றாள்.

"நீங்க குடுத்த ஈரலுக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. பெட் சொல்லி வைக்கறேன்."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. ஃபாதர் முகமெல்லாம் சிரிப்பாக அவளிடம் வந்தார். கணவனைக் காப்பாற்றியது எப்படி என்று எல்லாருக்கும் நாலு வார்த்தை சொல்லச் சொல்லி, மைக்கை நீட்டினார்.