லியோ சாமியாரின் எண்ணெய்

அந்தமானில், பெரார்கஞ்ச் மாதா கோயிலில் வெள்ளையடிப்பதற்காகப் பூசை சாமான் அலமாரியை நகர்த்தியபோது, பின்னால் விழுந்து கிடந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி அகப்பட்டது. பீடத்துணி துவைத்து, பூசைக்கு எல்லாம் எடுத்து வைக்கிற பனிமயம்தான் அதைத் துடைத்தாள். மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் 'நோயாளிகள், 2004' என்று எழுதியிருந்தது. காலமாகிப்போன லியோ சாமியாரின் கோணல் எழுத்து.

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

சுனாமி வந்த சமயம், போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூட முகாமில் அவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கார் நிக்கோபார் தீவிலிருந்து விமானத்தில் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருவன் ராயப்பன், ரோடு காண்டிராக்டரிடம் வேலைக்கு வந்த ராமநாதபுரத்துப் பையன். தொடை எலும்பு முறிந்து, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். தேறமாட்டான் என்றார்கள். லியோ சாமியார் சட்டைப் பையிலிருந்து இந்தக் குப்பியை எடுத்து, அவன் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசினார். பனிமயம் மெழுகுதிரி பிடித்திருந்தாள்.

ராயப்பன் சாகவில்லை. பிறகு ஒருநாள் ஊன்றுகோலோடு வந்து அவளைப் பெண் கேட்டான். கல்யாணத்தன்று இந்தக் கோயிலுக்குத் தகரக் கூரை. மழை இரைச்சலில் வார்த்தைப்பாடு காதில் விழவில்லை என்று, சாமியார் இரண்டு பேரையும் மறுபடி கத்திச் சொல்ல வைத்தார். கோயில் முழுக்கச் சிரிப்பு.

இப்போதைய பங்குசாமியார் அனுரஞ்சன் டோப்போ, ராஞ்சிக்காரர். வருஷாவருஷம் ஈஸ்டருக்கு முன்னால் ஆயர் மந்திரித்துக் கொடுக்கும் புது எண்ணெய்களோடு அன்று மதியம்தான் போர்ட் பிளேரிலிருந்து திரும்பியிருந்தார். பனிமயம் குப்பியைக் காட்டி, "கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா, ஃபாதர்?" என்று இந்தியில் கேட்டாள்.

"நஹீ, ஆண்ட்டி," என்றார் அவர் மெதுவாக. "இது நோயாளிக்கென்று மந்திரித்தது. ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வதில்லை. பழைய எண்ணெயை எரித்துவிட வேண்டும். நாளைக் காலையில் அங்கிளையும் கூட்டி வாருங்கள். அவரே கொளுத்தட்டும்."

அவளுக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் மறுநாள் ராயப்பனைக் கூட்டிவந்தாள். ஃபாதரும் வந்து நின்றார். கோயிலுக்குப் பின்னால், யாரும் மிதிக்காத மூலையில் குழி தோண்டி, பக்கத்தில் மண்சட்டி வைத்தாயிற்று. சட்டியில் பஞ்சைப் போட்டு, அதில் பனிமயம் எண்ணெயை ஊற்றினாள். காறல் வாடை அடித்தது.

ராயப்பன் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"என்னங்க?"

"எனக்கு அடுத்த பாயில ஒரு நிக்கோபாரிப் பெரியவர் கிடந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"இல்லையே."

"கழுத்துல செபமாலை போட்டிருந்தார். எனக்குப் பூசின கையோட சாமியார் அவருக்கும் பூசினார். ராத்திரி பூரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தார். ஒரு வார்த்தை புரியல. விடிஞ்சப்போ அந்தக் கை சில்லுன்னு கிடந்துச்சு. பேர்கூடத் தெரியாது, பனிமயம்."

இத்தனை வருஷத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. அவள் ஃபாதருக்கு இந்தியில் சொன்னாள்.

"பக்கத்துப் பாய்க்காரருக்காக என்றே வேண்டிக்கொள்வோம்," என்றார் ஃபாதர்.

மூன்று பேரும் அவரவர் மொழியில் வேண்டிக்கொண்டார்கள். ராயப்பன் குனிந்து கொளுத்தினான். பஞ்சு முதலில் கருகி, பிறகு நிதானமாக எரிந்தது. அந்தப் புகையில் பனிமயத்துக்கு முகாமின் ஈரத்துணி வாடையும், கஞ்சி அண்டாவும், "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே போகும் லியோ சாமியாரும் வந்து போனார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகத் தோன்றிய எண்ணம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

சாம்பலைக் குழியில் கொட்டி, வெந்நீரில் கழுவிய குப்பியையும் அந்த நீரையும் அதிலேயே சேர்த்தார்கள். ராயப்பனுக்குக் கால் மடங்காது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் மண்ணைத் தள்ளினான்.

ஈஸ்டர் கழிந்து, அந்தப் பெரியவர் யாரென்று விசாரிக்க, ஃபாதர் கார் நிக்கோபார் கோயில் உபதேசியாருக்குப் போன் போட்டார். அப்படிப் போய்ச் சேர்ந்த பெரியவர்கள் பல பேர், யாரென்று சொல்ல முடியாது என்றாராம் உபதேசியார். ஆனால் அடுத்த ஞாயிறு அங்கே, அவர்கள் மொழியிலேயே, பக்கத்துப் பாய்க்காரருக்காக வேண்டிக்கொண்டார்கள்.