நீலம் தெரிந்த நிமிடம்

வெளிச்சுவரில் கை வைத்தே உலையின் சூட்டைச் சொல்லிவிடுவார் என்பதால் பெயின்ட் ஆலையில் உலையை இயக்கும் அவருக்குத் ‘தெர்மாமீட்டர்’ என்றே பெயர். அப்பேர்ப்பட்டவர் அன்று கொழுந்தியாள் முன் திருதிருவென்று விழித்தார்.

அவள் அதே ஆலையின் ஆய்வகத்தில் வேதியியலாளர். இரண்டு வருடம் மண்டையை உடைத்து, கண்ணாடியாய் மின்னும் பெயின்டுக்கு நுண்துகள்கள் மிதக்கும் ஓர் அக்ரிலிக் பால் கண்டுபிடித்திருந்தாள். குடுவையில் செய்தபோது மின்னியது, உலையில் இரண்டு முறையும் மங்கியது. மூன்றாவதும் மங்கினால் மூட்டை கட்டிவிடலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

“அத்தான், வினையைத் தொடங்குற உப்பைப் போட்டதும் பார்வைக் கண்ணாடியில நீலம் தெரிஞ்சுதா?”

“நீலமா? வெள்ளையாத்தான் இருந்துச்சு.”

“அக்ரிலிக் ஊத்துறதுக்கு முன்னாடி? வெறும் சோப்புத் தண்ணி?”

“அதுவும் லேசா வெள்...” பாதியில் நிறுத்தி, அவரே தொடர்ந்தார்.

“போன சரக்கு அடியில ரெண்டு வாளி தங்கும்மா. அதுவும் அக்ரிலிக்தானேன்னு கழுவ மாட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கம்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ துள்ளினாள்.

“அதான் விஷயம்! புதுத் துகள்கள் பிறக்குறது முதல் சில நிமிஷம்தான். உங்க பழைய துகள்கள் சோப்பை வளைச்சுப் போட்டுக்கிச்சு. புதுசு பிறக்க வழியில்ல, பழசே எல்லாத்தையும் தின்னு கொழுத்துடுச்சு. துகள் பொடிசா இருந்தாத்தானே முதல்ல நீலமாத் தெரியும், காஞ்சப்புறம் மினுமினுக்கும்?”

கண்ணுக்கே தெரியாத ஒன்றை இரண்டு கேள்வியில் பிடித்துவிட்டாளே! அவர் அசந்துபோனார்.

“கழுவுறதுன்னாலே எனக்குக் கசக்கும்னு உங்க அக்கா அப்பவே சொன்னா.”

“அவ பாத்திரத்தைச் சொல்லியிருப்பா அத்தான்.”

உலையை மூன்று முறை வெந்நீரில் கழுவினார். கடைசித் தண்ணீரை டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். துளி வெள்ளை இல்லை. சோப்பு, சூடு, கொஞ்சம் அக்ரிலிக், பிறகு உப்பு.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அவள் நகத்தைக் கடித்தாள். இரண்டாவது நிமிடம், புகை படர்வதுபோல் தண்ணீருக்குள் மெல்லிய நீலம் பரவியது.

“ஏய், இங்க பாரு! என் உலையா இது?”

“ஒரு சொட்டுல லட்சம் கோடி பிறந்திருக்கும் அத்தான்.”

நீலம் வெளுத்துப் பாலானது. மறுநாள் அந்தப் பாலில் கலந்த பெயின்டைத் தகட்டில் பூசிக் காயவைத்து நீட்டினார்கள். மேலாளர் வாங்கிப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், பிறகு நெற்றியில் விழுந்த முடியைச் சரிசெய்துகொண்டார்.

“விட்டா பவுடரும் போட்டுக்குவார்,” என்று கொழுந்தியாள் காதில் கிசுகிசுத்துவிட்டு, தெர்மாமீட்டர் அடுத்த சரக்குக்கு உலையைக் கழுவப் போனார்.